தோட்டப்புற நலவாழ்வும் சமூகக் காரணிகளும்: மலேசியத் தமிழர் வரலாற்றை முன்வைத்து ஒரு விளக்கம்

1. முன்னுரை

ஒருவர் நோயுற்றார் என்று கேள்வியுற்றதும், அவர் என்ன உண்டார், எப்பழக்கத்துக்கு ஆளானார், எம்மருந்தைத் தவறவிட்டார் என வினவுவது நம் வழக்கம். இவ்வினாக்கள் தேவையானவையே. ஆயினும் அவை நோயாளியின் உடலோடும் ஒழுக்கத்தோடும் நின்றுவிடுகின்றன. அவர் எத்தகைய வீட்டில் வாழ்கிறார், அவரது குடிநீர் எங்கிருந்து வருகிறது, கூலி எவ்வாறு கணக்கிடப்படுகிறது, மருத்துவமனை எவ்வளவு தொலைவில் உள்ளது, அவர் குடியிருக்கும் நிலம் யாருக்கு உரியது என்னும் வினாக்கள் அரிதாகவே எழுகின்றன. இவ்விரண்டாம் வகை வினாக்களுக்குரிய விடைகளையே பொதுச் சுகாதாரத் துறையினர் ‘நலவாழ்வின் சமூகக் காரணிகள்’ என்று குறிப்பிடுவர்.

மருத்துவப் புலத்தினர் பேச வேண்டிய இப்பொருளை இந்திய ஆய்வியல் இதழில் எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. மலேசியத் தமிழரின் நலக்குறைவைப் பற்றிய பேச்சு, மேடையிலும் வகுப்பறையிலும் பெரும்பாலும் குடி, உணவு, அறியாமை ஆகிய மூன்றையே சுற்றி வருகிறது. சமூகத்தின் மீதுள்ள அக்கறையால் எழும் பேச்சே அது. எனினும், நோயின் வரலாற்றை அறியாமல் நோயாளியை மட்டும் திருத்த முற்படும் போக்கு அதில் உள்ளது. எனவே, சமூகக் காரணிகள் என்னும் கருத்தாக்கத்தை முதலில் சுருங்க விளக்கி, பின்னர் நம் நாட்டு ரப்பர்த் தோட்டங்களின் வரலாற்றில் அது எவ்வாறு செயற்பட்டுள்ளது என்பதைக் காட்ட இக்கட்டுரை முற்படுகிறது.

2. கருத்தாக்கத்தின் தோற்றமும் வளர்ச்சியும்

இக்கருத்து புதியதன்று. 1848-ஆம் ஆண்டில் பிரஷ்ய நாட்டின் மேல் சைலீசியப் பகுதியில் டைபஸ் காய்ச்சல் பரவியபோது, அதனை ஆராயுமாறு அரசு ருடால்ஃப் விர்ச்சோ என்னும் இளம் மருத்துவரை அனுப்பியது. திரும்பி வந்த அவர், மருந்துகளை மட்டும் பரிந்துரைக்கவில்லை. வறுமையை நீக்குதல், கல்வி வழங்குதல், தன்னாட்சி அளித்தல் ஆகியவற்றையே நோய்க்குத் தீர்வாக முன்வைத்தார். அப்பகுதி மக்கள் போலிஷ் மொழி பேசுவோர். அவர்களை ஆண்ட மொழி ஜெர்மன். மக்களின் தாய்மொழிக்கு அலுவல் நிலை வழங்கப்பட வேண்டும் என்பதும் விர்ச்சோவின் பரிந்துரைகளுள் ஒன்றாக இருந்தது. காய்ச்சலைப் பற்றிய அறிக்கையொன்றில் தாய்மொழி இடம்பெற்றிருப்பது மொழியாசிரியர்களாகிய நம் கவனத்துக்குரியது.

பிரிட்டனில் 1967-இல் தொடங்கப்பட்ட ‘வைட்ஹால்’ ஆய்வு இக்கருத்தை மேலும் கூர்மையாக்கியது. அங்கு ஆராயப்பட்டோர் அனைவரும் அரசு ஊழியர்கள். வேலையற்றோரோ பட்டினி கிடப்போரோ அவர்களுள் இல்லை. மருத்துவ வசதியும் அனைவருக்கும் பொதுவானது. ஆயினும் பதவிப் படிநிலையில் ஒவ்வொரு படி இறங்கும்போதும் இதய நோயாலும் பிற நோய்களாலும் இறப்போர் விகிதம் உயர்ந்தது. புகைபிடித்தல் முதலிய பழக்கங்கள் இவ்வேறுபாட்டின் ஒரு பகுதியை மட்டுமே விளக்கின. தம் வேலையின் மீது ஒருவருக்குள்ள கட்டுப்பாடும், பிறர் அவரை நடத்தும் முறையும் உடலைப் பாதிக்கின்றன என்னும் முடிவு, பின்னர்த் தொடர்ந்த இரண்டாம் வைட்ஹால் ஆய்வின்வழி வலுப்பெற்றது. இவ்வாய்வுகளோடு தொடர்புடைய மைக்கேல் மார்மட்டின் தலைமையிலேயே, உலகச் சுகாதார நிறுவனம் 2005-இல் சமூகக் காரணிகளுக்கான ஆணையத்தை அமைத்தது. அவ்வாணையம் 2008-இல் தன் இறுதி அறிக்கையை வெளியிட்டது.

இங்கே மற்றொரு கருத்தையும் சேர்த்துக் கூற வேண்டும். வேல்ஸ் நாட்டுச் சுரங்கத் தொழிலாளரிடையே பணியாற்றிய மருத்துவர் ஜூலியன் டியூடர் ஹார்ட், 1971-இல் ‘தலைகீழ்ப் பராமரிப்பு விதி’ என ஒன்றை வகுத்தார். நல்ல மருத்துவம் யாருக்கு மிகுதியாகத் தேவைப்படுகிறதோ அவருக்கே அது மிகக் குறைவாகக் கிடைக்கிறது என்பது அதன் சாரம். மருத்துவச் சேவை சந்தையின் போக்கில் விடப்படும் அளவுக்கு இவ்விதி வலுவாகச் செயற்படும் என்றும் அவர் எடுத்துரைத்தார். இவ்விரு கருத்துகளையும் மனத்திற்கொண்டு தோட்டங்களின்பால் திரும்புவோம்.

3. காடழிப்பும் மலேரியாவும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் பெருமளவில் மடிந்தனர். 1911-ஆம் ஆண்டில் கூட்டு மலாய் மாநிலங்களின் தோட்டத் தொழிலாளருள் ஆயிரம் பேருக்கு 60-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். தலையாய காரணம் மலேரியா. தமிழரின் உடல் வலுவற்றது, அவர்கள் தூய்மை பேணாதவர்கள் என்னும் விளக்கங்கள் காலனித்துவ காலத்தில் எளிதில் வழங்கின. அறிவியல் கண்டறிந்ததோ வேறு.

1901-இல் கிள்ளானில் மாவட்ட மருத்துவராகப் பொறுப்பேற்ற மால்கம் வாட்சன், கிள்ளான் நகரிலும் அவ்வாண்டு திறக்கப்பட்ட சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும் சதுப்புநிலங்களை வடித்து மலேரியாவைக் கட்டுப்படுத்தினார். கடலோரச் சமவெளியில் நோயைப் பரப்பிய கொசு, நிழல் படர்ந்த காட்டுச் சதுப்பில் முட்டையிடும் இனம். எனவே, காட்டை வெட்டி நீரை வடித்ததும் அது குறைந்தது. இதே முறையை மலைப்பாங்கான தோட்டங்களில் கையாண்டபோது விளைவு நேர்மாறாக அமைந்தது. அங்குள்ள ‘அனோபிலிஸ் மாக்குலேட்டஸ்’ என்னும் கொசு, வெயில் படும் தெளிந்த ஓடைநீரில் பெருகுவது. காடு இருந்தவரை ஓடைகள் நிழலில் கிடந்தன. இக்கொசுவுக்கு அங்கே இடமில்லை. ரப்பர் நடுவதற்காகக் காட்டை அழித்ததும் ஓடைகளின் மீது வெயில் விழுந்தது, கொசு பெருகியது, ஓடையை அடுத்து லயங்களில் குடியமர்த்தப்பட்ட தொழிலாளர் காய்ச்சலில் வீழ்ந்தனர்.

மலைத் தோட்டத்தின் மலேரியா இயற்கையாக அங்கே காத்திருந்த நோயன்று. தோட்டம் உருவாக்கப்பட்ட முறையே அதனை உருவாக்கியது. நிலத்தடிக் குழாய்களின் வழியே ஓடைநீரைச் செலுத்துதல், நீர்ப்பரப்பில் எண்ணெய் தெளித்தல் ஆகிய தீர்வுகள் பின்னர்க் கண்டறியப்பட்டன. அவை செலவு மிக்கவை; எல்லாத் தோட்டங்களும் அவற்றை ஒரே அளவில் மேற்கொள்ளவில்லை. தொழிலாளி தன் கையால் செய்யக்கூடியதோ, பிரட்டுக் களத்தில் தரப்பட்ட கொயினா மருந்தை விழுங்குவது ஒன்றே. லயம் எங்கே கட்டப்பட வேண்டும், ஓடை என்ன செய்யப்பட வேண்டும் என்பவற்றைத் தீர்மானிக்கும் அதிகாரம் அவனிடம் இருக்கவில்லை.

4. கொக்கிப்புழுவும் கூலியும்

மலேரியாவைப் போல் திடீரெனக் கொல்லாது, உடலை மெல்ல உருக்கிய நோய் கொக்கிப்புழு நோய். 1915-க்கும் 1917-க்கும் இடையில் ராக்பெல்லர் அறக்கட்டளையின் சார்பில் ஆய்வுக்குழு ஒன்று மலாயாவிலும் இந்நோயை ஆராய்ந்தது. இப்புழுவின் இளம் பருவம் ஈரமும் நிழலும் உள்ள மண்ணில் வாழ்வது. வெறுங்காலின் தோலைத் துளைத்து உடலுக்குள் புகுவது. குடலில் தங்கிக் குருதியை உறிஞ்சுவது. கழிப்பிடம் இல்லாத லயம், நிழல் அடர்ந்த ரப்பர் நிரை, காலணி இல்லாத கால் ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்த இடம் தோட்டம்.

இதன் விளைவுகளைச் சங்கிலித் தொடராகக் காணலாம். புழுவால் குருதி குறைகிறது. குருதி குறைந்தவருக்கு உழைக்கும் ஆற்றல் குறைகிறது. ஆற்றல் குறையின் கூலி குறைகிறது. கூலி குறையின் கீரையும் பருப்பும் மீனும் வாங்க இயலாது. உணவு குறையின் இழந்த குருதி மீள்வதில்லை. கருவுற்ற பெண் இச்சங்கிலியில் சிக்கும்போது தாயும் சேயும் ஒருசேர நலிவர். மருந்து கொடுத்துப் புழுவை வெளியேற்றலாம். ஆயினும் கழிப்பிடமும் காலணியும் இல்லாத வரையில் அடுத்த சில திங்களில் புழு மீண்டும் குடியேறும். மருந்து சங்கிலியின் ஒரு கண்ணியை மட்டுமே அறுக்கிறது என்பது இதனால் விளங்கும்.

பிற்காலத்தில் கூலி, சேகரிக்கும் பாலின் அளவோடும் ரப்பரின் சந்தை விலையோடும் பிணைக்கப்பட்டபோது நிலையின்மை மேலும் கூடியது. மழை பெய்யும் நாளில் பால் வெட்ட இயலாது; வெட்டாத நாளுக்குரிய வருமானமும் இல்லை. உலகச் சந்தையில் விலை வீழ்ந்தாலும், வானம் பொழிந்தாலும், அதன் சுமை தொழிலாளியின் அடுப்பங்கரையை வந்தடைந்தது. விடியுமுன் எழுந்து வெளிக்காட்டுக்குச் செல்லும் தாய், கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுச் செல்ல வேண்டியிருந்தது. அக்குழந்தை எப்போது பால் குடிக்கும் என்பதைத் தாயின் விருப்பத்தைவிட வேலை நேரமே தீர்மானித்தது.

5. கிராமமும் தோட்டமும்: நிலவுரிமையின் பங்கு

விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் மலாயா அரசு மேற்கொண்ட கிராமப்புறச் சுகாதாரத் திட்டம் வளரும் நாடுகளின் வரலாற்றில் சிறப்பிடம் பெறுவது. 50,000 பேருக்கு ஒரு முதன்மைச் சுகாதார நிலையம், 10,000 பேருக்கு ஒரு துணை நிலையம், 2,000 பேருக்கு ஒரு மருத்துவத்தாதி நிலையம் என மூன்று அடுக்குகளாக அது வகுக்கப்பட்டது; பின்னர் 1970-களில் இரண்டு அடுக்குகளாகச் சீரமைக்கப்பட்டது. பயிற்சி பெற்ற தாதியர் கிராமத்திலேயே தங்கிப் பணியாற்றினர். தீபகற்ப மலேசியாவில் 1957-இல் ஆயிரம் பிறப்புக்கு ஏறத்தாழ 75 என்றிருந்த சிசு மரண விகிதம், அந்நூற்றாண்டு முடிவதற்குள் பத்துக்கும் கீழே இறங்கியது. தாய்மார் இறப்பைக் குறைத்ததில் மலேசியாவும் இலங்கையும் பெற்ற வெற்றியைப் பிற நாடுகளுக்குப் பாடமாக எடுத்துக்காட்டி 2003-இல் உலக வங்கி நூலொன்றையே வெளியிட்டது.

இவ்வெற்றியின் நடுவே தோட்டங்கள் ஓர் இடைவெளியாக நின்றன. தோட்டம் தனியார் நிலம். அங்கு வாழ்வோரின் வீடு, நீர், மருத்துவம் ஆகியவை முதலாளியின் பொறுப்பு எனத் தொழிலாளர் சட்டம் காலனித்துவ காலத்திலேயே வகுத்திருந்தது. தொழிலாளரைக் காக்கும் நோக்குடைய அவ்விதியே, விடுதலைக்குப் பின் கிராம மேம்பாட்டு நிதி தோட்டத்தின் எல்லையோடு நின்றுவிடுவதற்கும் ஏதுவாயிற்று. சாலைக்கு அப்பால் உள்ள கம்பத்திற்குக் குழாய்நீரும் மின்சாரமும் அரசின் வழியாக வந்தன. சாலைக்கு இப்பால் உள்ள லயத்திற்கு அவை வருவது நிருவாகத்தின் விருப்பத்தைப் பொறுத்திருந்தது. கம்பத்திற்கு அரசுத் தாதி வந்தார். தோட்டத்தில் ‘டிரசர்’ என அழைக்கப்பட்ட மருத்துவ உதவியாளர் இருந்தார். அவர் நோயாளிக்கு மருந்தளிப்பவர்; அதே வேளையில் நிருவாகத்தின் ஊழியர். ஒருவர் வேலைக்குச் செல்லத் தக்கவரா அல்லரா என்று கூறும் பொறுப்பும் அவரிடமே இருந்தது.

1950-களிலும் 60-களிலும் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது இந்த ஏற்பாடும் குலைந்தது. சிறு உடைமையாளர் பலரால் பழைய தோட்டம் அளித்த மருத்துவ வசதியை அளிக்க இயலவில்லை. 1990-ஆம் ஆண்டின் தொழிலாளர் குறைந்தபட்ச வீடமைப்பு, வசதிகள் சட்டம் குடிநீர், மின்சாரம், குழந்தைப் பராமரிப்பு ஆகியவற்றுக்கு விதிமுறைகளை வகுத்தது. ஆயினும் அப்போது ரப்பர் செம்பனைக்கு வழிவிட்டு, தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாக மாறத் தொடங்கியிருந்தன. சட்டம் முழுமை பெற்ற காலமும் தமிழர் தோட்டத்தைவிட்டு வெளியேறிய காலமும் ஒன்றாயின.

6. தொழிலாளரின் கோரிக்கைகள்

இதுகாறும் கூறியவற்றால் தொழிலாளர் வெறுமனே பாதிக்கப்பட்டோர் என்னும் எண்ணம் எழக்கூடாது. நலவாழ்வின் காரணிகள் எவை என்பதை அவர்கள் நன்கு அறிந்திருந்தனர். 1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர்.எச்.நாதன் முதலியோர் முன்னின்ற வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளைக் காண்க. சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, முறையான மருத்துவ வசதி, பிள்ளைகளுக்குக் கல்வி, கள்ளுக்கடைகளை மூடுதல், பெண்களைத் துன்புறுத்தாமை, உறவினர் தோட்டத்திற்குள் தடையின்றி வந்து செல்லுதல் ஆகியவை அவற்றுள் அடங்கும். வெள்ளைக்காரத் துரையைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டும் என்னும் வழக்கத்தை நீக்கக் கோரியதும் அப்பட்டியலில் இருந்தது. அரசு படையைக் கொண்டு அப்போராட்டத்தை ஒடுக்கியது. தொழிலாளர் சிலர் சுடப்பட்டு இறந்தனர். நாதன் நாடு கடத்தப்பட்டார்.

வருமானம், மருத்துவம், கல்வி, பாதுகாப்பு, தன்மதிப்பு என 2008-ஆம் ஆண்டின் ஆணைய அறிக்கை விரித்துரைக்கும் காரணிகளோடு இப்பட்டியலை ஒப்பிட்டால் பெரும்பகுதி ஒத்திருப்பதைக் காணலாம். மிதிவண்டிக் கோரிக்கை உடல்நலத்தோடு தொடர்பற்றதாகத் தோன்றலாம். ஆயின், நாள்தோறும் சிறுமைப்படுத்தப்படுவது உடலையும் உருக்குகிறது என்பதே வைட்ஹால் ஆய்வுகளின் படிப்பினை. அதனைத் தோட்டத் தொழிலாளர் ஆய்வின் துணையின்றியே உணர்ந்திருந்தனர்.

கள்ளைப் பற்றியும் இங்கே கூற வேண்டும். தமிழன் குடித்துக் கெட்டான் என்று கூறுவோர், கள்ளுக்கடை தோட்டத்திற்குள் எவ்வாறு வந்தது என்று கேட்பதில்லை. அது அரசின் உரிமம் பெற்று, நிருவாகத்தின் இசைவோடு, லயத்துக்கு அருகிலேயே நடத்தப்பட்டது. அதனை மூடக் கோரியவர்கள் தொழிலாளரே. 1947-இல் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளுக்கு எதிராக மறியலில் ஈடுபட்டபோது காவல்துறை அவர்களை எதிர்கொண்டது. குடியால் விளைந்த கேட்டை நாம் மறுக்கவில்லை. கள்ளைத் தொடர்ந்து வந்த சம்சு அழித்த குடும்பங்களும் பல. நாம் வலியுறுத்துவது, பழக்கம் என்பதற்கும் ஒரு விலையும் இடமும் விற்பனையாளரும் உண்டு என்பதே.

7. தோட்டத்திற்கு வெளியேயும் உள்ளேயும்: இன்றைய நிலை

தோட்டத்தை விட்டு வெளியேறியோர் புறம்போக்குக் குடியிருப்புகளிலும் மலிவு விலை அடுக்குமாடிகளிலும் குடியேறினர். வேலையோடு வீடும், வீட்டோடு காய்கறித் தோட்டமும், ஆடு மாடும், கோயிலும், பள்ளியும் ஒரே நாளில் கைவிட்டுப் போயின. காலையெல்லாம் நடந்து உழைத்த உடல், தொழிற்சாலை வாயிலிலும் காவல் பணியிலும் நிற்கலாயிற்று. உணவின் அளவும் இனிப்பும் குறையவில்லை. 2019-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வு, நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு உள்ளதெனக் கண்டது. இந்தியரிடையே அது ஏறத்தாழ 31 விழுக்காடு. 2023-ஆம் ஆண்டின் ஆய்வில் நாட்டின் அளவு 15.6 விழுக்காடாக இருந்தது. மரபணு சார்ந்த இயல்பும் இந்நோய்க்கு ஒரு காரணமே. எனினும் மரபணு ஒரு தலைமுறையில் மாறுவதில்லை. மாறியவை வேலையும் உணவும் வாழிடமுமாகும்.

தோட்டத்தில் எஞ்சிய பணிகளுள் களைக்கொல்லி தெளிப்பது ஒன்று. அதில் பெரும்பாலும் பெண்களே ஈடுபடுத்தப்பட்டனர். தெனாகனித்தா அமைப்பு 2002-இல் வெளியிட்ட ஆய்வறிக்கை அவர்கள் அடைந்த நச்சுப் பாதிப்புகளை வெளிக்கொணர்ந்தது. அவ்வாண்டிலேயே பாராகுவாட் என்னும் களைக்கொல்லியைத் தடைசெய்ய அரசு முடிவெடுத்தது. 2006-இல் அம்முடிவு தளர்த்தப்பட்டது. முழுத் தடை 2020 ஜனவரி முதல் நாளன்றுதான் நடைமுறைக்கு வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் அந்நஞ்சு யார் முதுகில் சுமக்கப்பட்டது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இவ்வேலையைத் தோட்ட மக்கள் ‘மருந்தடித்தல்’ என்றே குறிப்பிடுவர். நோய் தீர்ப்பதற்குரிய சொல் நஞ்சுக்குப் பெயராகும்போது, அதனைக் கையாளும் அச்சமும் குறைந்துவிடுகிறது. சொல்லும் ஒரு சமூகக் காரணியாகலாம் என்பதற்கு இஃது ஒரு சான்று.

இன்று அப்பணிகளைச் செய்வோர் பெரும்பாலும் இந்தோனேசியா, வங்காளதேசம் முதலிய நாடுகளிலிருந்து வந்தவர்கள். 2013-இல் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்ச ஊதியம் 2025-இல் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்துள்ளது. 2019 முதல் அயல்நாட்டுத் தொழிலாளரும் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் வேலையிடக் காப்புறுதியில் சேர்க்கப்பட்டனர். இவை முன்னேற்றங்களே. ஆயினும் குடிமக்கள் ஒரு ரிங்கிட் செலுத்திப் பெறும் அரசு மருத்துவத்துக்கு அவர்கள் பன்மடங்கு கட்டணம் செலுத்த வேண்டியுள்ளது. நம் முன்னோர் விட்டுச்சென்ற இடத்தில் வேறு மக்கள் வந்து நிற்கின்றனர். ஆட்கள் மாறியும் இடர்கள் பெரும்பாலும் மாறாமையே, அவை இனத்தின் இயல்பால் விளைந்தவை அல்ல என்பதற்குத் தெளிவான சான்றாகும்.

8. ஆசிரியரின் பங்கு

வகுப்பறையில் தூங்கி வழியும் மாணவனைக் காணும் ஆசிரியர், அவனைச் சோம்பேறி எனக் கருதலாம். இரவில் அவன் எங்கே, எத்தனை பேரோடு உறங்குகிறான், காலையில் உண்டானா என்றும் வினவலாம். இரண்டாவது வினா மாணவனைக் கூடுதல் உணவுத் திட்டத்துக்கோ மருத்துவரிடமோ இட்டுச் செல்லும். முதலாவது அவனை வகுப்பின் கடைசி வரிசைக்கு மட்டுமே இட்டுச் செல்லும். உடல்நலப் பாடத்தைக் கற்பிக்கையில், கைகழுவுதலின் இன்றியமையாமையோடு, கழுவுவதற்கு நீர் வரும் வழியையும் பேசலாம். மாணவர் தம் பாட்டன் பாட்டியரிடம் லயத்து வாழ்வு, டிரசர், ஆயாக் கொட்டகை ஆகியவை பற்றிக் கேட்டு எழுதும் கட்டுரைகள், மொழிப்பயிற்சியாக அமைவதோடு அழிந்துவரும் நலவாழ்வு வரலாற்றின் ஆவணங்களாகவும் விளங்கும். பல்கலைக்கழக மாணவர்களின் களப்பணிக்கும் இது தக்க பொருளாகும்.

மருத்துவமனையில் தம் நோயைத் தம் மொழியில் சொல்ல இயலாத முதியோருக்கு எளிய தமிழில் நலக் குறிப்புகளை எழுதித் தருவதும் தமிழ் கற்றோரின் கடமையாகும். விர்ச்சோ 1848-இல் வலியுறுத்தியதன் ஒரு கூறு இதுவே.

9. முடிவுரை

தனிமனிதப் பொறுப்பு இல்லை என்பது இக்கட்டுரையின் வாதமன்று. இனிப்பைக் குறைக்கவும், மருந்தைத் தவறாது உட்கொள்ளவும், குடியை விடவும் ஒவ்வொருவருக்கும் கடப்பாடு உண்டு. ஆயின் அக்கடப்பாட்டை நிறைவேற்றும் வாய்ப்பு அனைவருக்கும் ஒரே அளவில் அமைவதில்லை. மலைத் தோட்டத்தில் ஓடையின் மீது விழுந்த வெயிலும், வெறுங்காலும், நிலத்தின் உரிமைப் பத்திரமும், உரிமம் பெற்ற கள்ளுக்கடையும் தமிழ்த் தொழிலாளியின் உடலில் நோயாக எழுதப்பட்டன. அவற்றுள் எதுவும் மாற்ற இயலாததாக இருக்கவில்லை; கிராமப்புறச் சுகாதாரத் திட்டத்தின் வெற்றி அதற்குச் சான்று. எனவே, நம் சமூகத்தின் நலக்குறைவைப் பற்றிப் பேச முற்படும்போது, நோயாளிக்கு அறிவுரை கூறுவதோடு நில்லாமல், அவர் நிற்கும் நிலத்தையும் நோக்கும் பழக்கத்தை நாம் மேற்கொள்ள வேண்டும். நமக்குப் பின் அந்நிலத்தில் உழைக்க வந்தோருக்கும் இதே பார்வையை விரித்தளிப்பது, அவ்வரலாற்றைத் தம் உடலால் அறிந்த ஒரு சமூகத்துக்குரிய கடமையாகும்.